கொண்டாந்தது நெசம்

சட்டத்தை மீறுவது எப்போதுமே தப்பு என்று யாராவது என் எதிரில் சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். சொல்கிறவர் படித்தவராக இருந்தால் இன்னும் அதிகமாக வரும். நான் எட்டாவது வரை படித்தவள். எந்தச் சட்டப் புத்தகத்தையும் பிரித்துப் பார்த்ததில்லை. ஆனால் ஒரு கோர்ட்டில் ஒரு நாள் முழுக்க நின்றிருக்கிறேன். அன்றைக்கு நான் பார்த்ததை வைத்துத்தான் பேசுகிறேன்.

நான் வாழ்க்கைப்பட்டது பாண்டிச்சேரியில், பாகூர் கொம்யூனின், அதாவது பஞ்சாயத்தின், கடைக்கோடியில் ஒரு ஊர். வீடு பாண்டியில், நிலம் தமிழ்நாட்டில். இதைக் கேட்டால் வெளியூர்க்காரர்கள் ஏதோ பெரிய தூரம் என்று நினைப்பார்கள். எங்கள் கொல்லையில் நின்று கூப்பிட்டால் நிலத்தில் களை பறிக்கிறவர்களுக்குக் காது கேட்கும், அவ்வளவுதான். நடுவில் ஒரு வாய்க்கால். இந்தாண்ட பாண்டி, அந்தாண்ட தமிழ்நாடு. வெள்ளைக்காரனும் பிரெஞ்சுக்காரனும் பங்கு பிரித்துக்கொண்ட லட்சணம் அப்படி. எங்கள் பக்கம் பாதிப் பேருக்கு வீடு ஒரு சர்க்காரிலும் நிலம் இன்னொரு சர்க்காரிலும்தான் இருந்தது.

நிலம் என் மாமியார் பேரில் இருந்தது. ஒன்றரைக் காணி. மாமனார் போய்ச் சேர்ந்து வருஷக்கணக்காகிவிட்டது. என் வீட்டுக்காரர் பாண்டியில் மில் வேலைக்குப் போய்விட்டார், வாரம் ஒருநாள் வருவார். வெள்ளாமை முழுக்க அத்தையும் நானும்தான். அத்தை குள்ளம், கறுப்பு, வாய் ரொம்பப் பேசாது. எனக்கு வாய்தான் எல்லாம். அந்த வாயால்தான் இவ்வளவும் நடந்தது, அதை மறைக்க மாட்டேன்.

அறுபதுகளின் கடைசி என்று வைத்துக்கொள்ளுங்கள். நாடு முழுக்க அரிசிப் பஞ்சம். ஒரு ஜில்லாவிலிருந்து இன்னொரு ஜில்லாவுக்கு நெல்லோ அரிசியோ பர்மிட் இல்லாமல் போகக்கூடாது என்று சட்டம். அந்தச் சட்டத்தை நான் குறை சொல்லவில்லை. பதுக்குகிறவனைப் பிடிக்கப் போட்ட சட்டம்தான் அது. டவுனில் ரேஷன் கடை வாசலில் பெண்கள் விடியற்காலையிலிருந்து கால்கடுக்க நின்றதை நானே பார்த்திருக்கிறேன். ஆனால் அந்தச் சட்டத்தை எழுதினவருக்கு எங்கள் வாய்க்கால் தெரியாது. எங்கள் நெல்லை எங்கள் களத்திலிருந்து எங்கள் வீட்டுக்கு எடுத்துவந்தால் அதுவும் கடத்தல்தான் என்று ஆகிப்போனது.

பர்மிட்டுக்கு நாங்கள் போகாமலும் இல்லை. அந்தப் பக்கத்து ஆபீசில், "வூடு பாண்டியில கீதுன்னு சொல்றீங்க, அதுக்கு அங்கேருந்து எழுதி வாங்கினு வாங்க" என்றார்கள். இந்தப் பக்கம் எங்கள் கொம்யூன் ஆபீசில், "நெலம் எங்க எல்லையில இல்லியேம்மா, நாங்க இன்னான்னு எழுதறது" என்றார்கள். திரும்ப அங்கே போனால் கையெழுத்துப் போடுகிறவர் வெளியூர் கேம்ப். மறுபடி போனால் மறுபடி கேம்ப். இதற்குள் தை மாசத்தில் மேகம் கட்டிக்கொண்டு நிற்கிறது. களத்தில் அடித்த நெல் கிடக்கிறது. என்ன செய்யச் சொல்கிறீர்கள்?

ஊரில் மற்றவர்கள் இருட்டின பிறகு தூக்கிவருவார்கள். அத்தை அதற்கு ஒத்துக்கொள்ளவே இல்லை. "நான் வெதச்சேன், நான் நட்டேன், நான் அறுத்தேன். இருட்டுல ஒளிஞ்சினு போறதுக்கு நான் இன்னா திருடியா?" என்று கேட்டாள். பட்டப்பகலில், காலை பத்து மணிக்குத்தான் நடை. நான்கு நாள் தூக்கினோம், ஒருத்தரும் கேட்கவில்லை. ஐந்தாம் நாள் மிச்சம் இருந்தது விதைநெல்லும் கொஞ்சம் சாப்பாட்டு நெல்லும்.

இந்த விதைநெல்லைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். எங்கள் நிலம் தாழ்ந்த கட்டு. ஐப்பசி கார்த்திகையில் ஏரி வழிந்தால் இடுப்பளவு தண்ணீர் நிற்கும். அப்போது புதுசாக வந்திருந்த குட்டை நெல்லை ஊரே நட்டது, மேட்டு நிலத்தில் நன்றாகவும் விளைந்தது. எங்கள் நிலத்தில் அதை நட்டால் மூழ்கிச் செத்துப்போகும். தண்ணீர் ஏற ஏறத் தானும் ஏறுகிற ஒரு சிவப்பு நெல் அத்தையிடம் இருந்தது. ஆள் உயரம் வளரும். பள்ளக்கட்டு நிலத்துக்காரர்கள் எல்லாரும் அதை விட்டுவிட்டுக் கரும்புக்கோ வேறு வேலைக்கோ போய்விட்டார்கள், அதனால் விதை வேறு யாரிடமும் கிடையாது. அது போனால் எங்களுக்கு நிலம் இருந்தும் இல்லாத மாதிரிதான். தைமாசம் அறுத்த விதையை வீட்டுக்குக் கொண்டுவந்து, காயவைத்து, ஆடியில் மறுபடி அந்தாண்ட எடுத்துப்போய் விதைப்பாள். அதாவது வருஷத்துக்கு இரண்டு தரம் சட்டத்தை மீறினால்தான் எங்கள் வீட்டில் உலை கொதிக்கும்.

அன்றைக்கு அத்தை தலையில் விதைநெல், என் தலையில் சாப்பாட்டு நெல். வாய்க்காலில் இறங்குகிற நேரத்தில் வரப்பு மேல் மூன்று சைக்கிள் வந்தது. சப்ளை இன்ஸ்பெக்டர் ஒருத்தர், கூட இரண்டு ஆட்கள். இன்ஸ்பெக்டர் சின்ன வயசு, புது செருப்பு. "ஏம்மா, நில்லு, நில்லு" என்று கத்தினார். நாங்கள் நிற்கவில்லை. முழங்கால் தண்ணீரில் விறுவிறுவென்று நடந்து இந்தக் கரையில் ஏறிவிட்டோம். அவர் அந்தக் கரையில் நின்று சேற்றைப் பார்த்தார், செருப்பைப் பார்த்தார். சைக்கிளைத் திருப்பி ஒரு காலைப் பெடலில் கூட வைத்துவிட்டார். போயிருப்பார், சத்தியமாகப் போயிருப்பார்.

நான் சும்மா இருந்தேனா? தலைச்சுமையை இறக்கிவைத்து, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, "இன்னா சார், காலு நனைஞ்சிடுமா? இது பாண்டி சார்! உங்க சட்டமெல்லாம் வாய்க்காலுக்கு அந்தாண்டையே நின்னுடும்!" என்றேன். அத்தை என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். நான் விடவில்லை. "வேணும்னா பர்மிட்டு வாங்கினு வாங்க!" என்று வேறு சொல்லிச் சிரித்தேன்.

அந்த மனிதருக்கு ரோஷம் வந்துவிட்டது. செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு வாய்க்காலில் இறங்கி இந்தப் பக்கம் ஏறினார். பையிலிருந்து நான்காக மடித்த வரைபடம் ஒன்றை எடுத்துப் பிரித்து அங்கேயும் இங்கேயும் பார்த்தார். எங்களைத் தாண்டிப் பத்தடி நடந்து போய் ஒரு கல்லின் மேல் கையை வைத்தார். நாங்கள் தினமும் கன்றுக்குட்டி கட்டுகிற கல். அப்போதும் கன்றுக்குட்டி அதில்தான் கட்டியிருந்தது. "இதாம்மா எல்லைக்கல்லு. வாய்க்கால் இல்ல. உங்க ஊர்க்காரங்க தண்ணி பாய வசதின்னு வாய்க்கால என்னைக்கோ தள்ளி வெட்டிக்கினாங்க. நீங்க இன்னும் பாண்டிக்கு வரல" என்றார்.

எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போல இருந்தது. அந்தக் கல் எல்லைக்கல் என்று ஊரில் ஒரு ஜீவனுக்கும் தெரியாது. நடந்திருந்தால் பத்தடி. நின்று வம்பளந்ததால் மாட்டிக்கொண்டோம். அத்தை என்னைத் திரும்பிப் பார்த்து, "போதுமாடி?" என்று ஒரு வார்த்தை கேட்டாள். அதற்குப் பிறகு செத்துப்போகிற வரைக்கும் அவள் அதைப் பற்றி என்னிடம் பேசினதே இல்லை.

இன்ஸ்பெக்டர் கெட்டவர் இல்லை. "வாக்குமூலத்துல ரேகை வெச்சுடுங்க, கோர்ட்டுல ஒத்துக்குனா சின்ன அபராதத்தோட போயிடும்" என்றார். நான் என் பேரில் எழுதச் சொன்னேன். அத்தை, "நெலம் என்னுது, நெல்லு என்னுது, அவ தூக்குன்னா தூக்கற பொண்ணு" என்று சொல்லி என்னைப் பின்னால் தள்ளிவிட்டாள். பிறகு அந்தத் தாளை என்னிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னாள். 'அரசு அனுமதியின்றி நெல் கடத்தி வந்த குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன்' என்று அச்சடித்திருந்தது. மை தடவின கட்டைவிரலை அத்தை பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

"கடத்தனேன்னு எவன் எழுதனான்? கொண்டாந்தேன்னு எழுது."

"ரெண்டும் ஒண்ணுதாம்மா."

"ஒண்ணுதான்னா என் வார்த்தைய எழுதேன்."

அவர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். அச்சடித்த தாளை மாற்ற முடியாது என்றார். அத்தை அந்த மையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். நெல்லை இரண்டு சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அது விதைநெல், அதையாவது தனியாக வையுங்கள் என்று நான் பின்னாலேயே ஓடினேன். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

கேஸ் இழுத்துக்கொண்டே போனது. மாசி போய்ப் பங்குனி போய் ஆடியும் வந்துவிட்டது. ஒவ்வொரு வாய்தாவுக்கும் பஸ் பிடித்துப் போவோம், இன்னொரு தேதி சொல்லி அனுப்புவார்கள். ஆடியில் விதை இல்லாமல், ஊரார் கொடுத்த குட்டை நெல்லை வாங்கி நாற்று விட்டு நட்டோம். ஐப்பசியில் ஏரி வழிந்தது. பத்து நாள் தண்ணீருக்குள் கிடந்து அத்தனையும் அழுகிப்போனது. அந்த நாற்றம் வீடு வரைக்கும் வந்தது. அத்தை கரையில் நின்று பார்த்துவிட்டு வந்து இரண்டு நாள் சாப்பிடவில்லை.

இன்னொரு கூத்தையும் கேளுங்கள். எங்கள் ஊர் வழியாக வாரம் இரண்டு லாரி தார்ப்பாய் போர்த்திக்கொண்டு போகும். உள்ளே என்ன என்று குழந்தைக்கும் தெரியும். ஓட்டுகிறவன் கையில் ஏதோ ஒரு காகிதம் இருக்கும், நிறுத்தினவர்களும் வணக்கம் சொல்லி அனுப்பிவிடுவார்கள். அந்த வருஷம் சாப்பாட்டுக்கு நெல் இல்லாமல் நாங்கள் அரிசி வாங்கினது அந்த லாரிக்காரனின் ஆளிடம்தான். அதுவரை எங்கள் வீட்டில் கள்ள அரிசி ஒரு படிகூட வாங்கினதில்லை. எங்களைத் திருத்த வந்த சட்டம் எங்களைக் கொண்டுபோய் அவன் வாசலில் நிறுத்தியது. தண்டனை என்றால் தப்பு குறைய வேண்டும். எங்கள் விஷயத்தில் அது கள்ள மார்க்கெட்டுக்கு ஒரு குடும்பத்தைப் புதிதாகச் சேர்த்துக் கொடுத்தது. எனக்கு வயிறு எரிந்தது, இன்றைக்கும் எரிகிறது.

அடுத்த மாசியில்தான் கேஸைக் கூப்பிட்டார்கள். காலையில் கிளம்பும்போது அத்தை சொன்னாள்: "இன்னா தண்டன குடுத்தாலும் குடுக்கட்டும். வெதய மட்டும் வாங்கினு வந்துடணும். இந்த ஆடியும் போச்சுன்னா நெலத்த வித்துட வேண்டியதுதான்." கேட்கிற ஆளும் தயாராக இருந்தான். பள்ளக்கட்டு நிலம்தானே என்று அடிமாட்டு விலைக்குக் கேட்டுக்கொண்டிருந்தான்.

நீதிபதி வயசானவர், மூக்குக்கண்ணாடி. குற்றத்தை ஒப்புக்கொள்கிறீர்களா என்று குமாஸ்தா கேட்டார். அத்தை கூண்டில் நின்று, "கொண்டாந்தது நெசம் சாமி. குத்தம் இல்ல" என்றாள். குமாஸ்தா பேனாவைத் தூக்கிக்கொண்டு விழித்தார். "ஆமாவா, இல்லையா, ஒண்ணு சொல்லும்மா" என்றார். அத்தை திரும்பவும் அதையே சொன்னாள். பின்னால் வக்கீல்கள் சிரித்தார்கள்.

நீதிபதி சிரிக்கவில்லை. பொறுமையாகத்தான் பேசினார். "அவங்கவங்க நெல்ல அவங்கவங்க இஷ்டத்துக்கு எடுத்துனு போனா டவுன்ல இருக்கறவங்க இன்னாத்த சாப்பிடுவாங்க? சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதாம்மா" என்றார்.

"அதாங்க சாமி நானும் கேக்கறேன். லாரி நெறைய எடுத்துனு போறவனுக்கும் தலையில எடுத்துனு போற எனக்கும் ஒண்ணுதானா? ஒண்ணுதான்னா அவன் எங்க? இந்த ஒரு வருசமா நான் வந்துனு கீறேன், ஒருநாளும் அவன இங்க பாக்கலியே?"

நீதிபதி இன்ஸ்பெக்டரைக் கூப்பிட்டார். நெல் எங்கே என்று கேட்டார். மூட்டைகளை அப்போதே ஏலம் விட்டாயிற்று என்றார் இன்ஸ்பெக்டர், கேஸுக்குச் சாட்சியாக ஒரு துணிப்பை நெல் மட்டும் முத்திரை வைத்துக் கோர்ட்டில் ஒப்படைத்திருக்கிறது என்றார். நான் வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். அத்தையின் முகம் அப்படியே செத்துப்போனது. விதையை ஏலம் விட்டு, குத்தி, எவனோ தின்றுவிட்டான்.

குமாஸ்தா அலமாரியைத் திறந்து பையை எடுத்தார். சர்க்கார் முத்திரை அரக்கு பத்திரமாக இருந்தது. பையின் அடியில் எலி ஓட்டை போட்டிருந்தது. தூக்கின வேகத்தில் நெல் பொலபொலவென்று தரையெல்லாம் கொட்டியது. சிவப்பு நெல். என் அத்தையின் நெல். "ஐயோ!" என்று அத்தை கூண்டிலிருந்து குனிந்தாள். போலீஸ்காரர் லத்தியைக் குறுக்கே நீட்டி, "நில்லும்மா" என்றார். எலி மேல் மட்டும் எந்தக் கேஸும் இல்லை.

தீர்ப்பு நீளமாக இல்லை. குற்றவாளி. வயசையும் முதல் குற்றம் என்பதையும் பார்த்து, அன்றைக்குக் கோர்ட்டு கலைகிற வரைக்கும் அங்கேயே காவல். நெல் பறிமுதல். அத்தை கும்பிட்டுக்கொண்டே கேட்டாள்: "சாமி, என்ன ஒரு மாசம் வேணா உள்ள போடுங்க. அந்தக் கொட்டன நெல்ல மட்டும் குடுத்துடுங்க. வெத சாமி அது." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அதுக்குச் சட்டத்துல எடம் இல்லம்மா. அது இப்ப சர்க்கார் சொத்து" என்றார். ஒரு கிழவியை ஜெயிலில் போட இடம் இருக்கிறது. ஒரு பிடி விதையைத் திருப்பிக் கொடுக்க இடம் இல்லை. தப்பு செய்தது அவள் என்றே வைத்துக்கொள்ளுங்கள், நிலம் என்ன தப்பு செய்தது?

சுவர் ஓரம் பெஞ்சியைக் காட்டி அங்கே உட்காரச் சொன்னார்கள். அத்தை பெஞ்சிக்குப் போகவில்லை. நேராக நெல் கொட்டின இடத்துக்குப் போய்த் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். அடுத்த கேஸ் கூப்பிட்டார்கள். விளக்கில்லாத சைக்கிள், வரப்புத் தகராறு, கோழி திருட்டு. அத்தையின் கை மெதுவாகத் தரையில் நகர்ந்தது. ஒவ்வொரு மணியாகப் பொறுக்கி முந்தானையில் போட்டாள். ஒன்றை எடுத்துப் பல்லில் கடித்துப் பார்த்துத் தலையை ஆட்டிக்கொண்டாள். போலீஸ்காரர் குனிந்து, "இன்னாம்மா பண்ற நீ?" என்று கிசுகிசுத்தார்.

"உக்காரத்தான சொன்னாரு. கைய சும்மா வெச்சினு உக்காரணும்னு தீர்ப்புல இல்லியே" என்றாள்.

அவர் நீதிபதியைப் பார்த்தார். நீதிபதி காகிதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நிஜமாகவே பார்க்கவில்லையா, பார்க்காத மாதிரி இருந்தாரா என்று எனக்குத் தெரியாது. சர்க்கார் சொத்தை, சர்க்கார் கோர்ட்டில், நீதிபதி எதிரிலேயே, தண்டனையை அனுபவித்துக்கொண்டே என் மாமியார் திருடினாள். அந்த ஆடியில் அதை ஒரு மூலையில் விதைத்தோம். பாதிக்குமேல் முளைக்கவில்லை. முளைத்ததை வைத்து மூன்று வருஷத்தில் ஒன்றரைக் காணியும் நட்டோம். நிலம் இன்னும் எங்களிடம்தான் இருக்கிறது. அவள் செய்தது தப்பு என்கிறவர்கள் வந்து அந்த நிலத்தில் நின்று சொல்லட்டும்.

சாயங்காலம் கடைசிக் கேஸும் முடிந்து நீதிபதி எழுந்தார். எல்லாரும் எழுந்து நின்றார்கள். அத்தை எழவில்லை. குமாஸ்தா பதறிப்போய், "எழுந்திரும்மா. கோர்ட்டு கலைஞ்சிடுச்சு. தண்டன முடிஞ்சுது, நீ வூட்டுக்குப் போவலாம்" என்றார்.

அத்தை தலையை நிமிர்த்தவே இல்லை. "நீங்க போங்க சாமி. எனக்கு இன்னும் பாக்கி கீது" என்றாள்.

நீதிபதி நெல் கிடந்த பக்கம் வராமல், மேசையைச் சுற்றிச் சுவர் ஓரமாக நடந்து வெளியே போனார். நான் அதுவரை வாசலிலேயே நின்றுகொண்டிருந்தேன். ஒரு வருஷமாக அவள் முகத்தை நேராகப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

"இன்னாடி பாத்துனு நிக்கற? அலமாரிக்கு அடியில நெறைய போயிடுச்சு. என் கை நுழையல, உன் கைதான் சின்னது. வா."

நான் ஓடிப்போய் அந்தச் சர்க்கார் தரையில் குப்புறப் படுத்து, தோள் வரைக்கும் கையை உள்ளே விட்டேன். ஒரு மணிகூட விடவில்லை.